தொண்ணூறு மீட்டர்

மூன்றாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது அவளுக்குச் சந்தேகம் வந்தது. பத்தாவது கல்லில் சந்தேகம் போய்க் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. சைக்கிளை ஓரங்கட்டி, ஹேண்டில்பாரில் திருகியிருந்த, தூரம் காட்டும் சின்ன மீட்டரைக் குனிந்து பார்த்தாள். பத்துக் கல் தாண்டியாகிவிட்டது. மீட்டரோ ஒன்பது கிலோமீட்டரும் கொஞ்சமும்தான் காட்டியது. கணக்குப் போட்டுப் பார்த்தாள். கல்லுக்குக் கல் தொண்ணூறு மீட்டர் குறைகிறது.

ஒரு கல் தள்ளி நட்டிருந்தால் நட்டவன் தூக்கக் கலக்கத்தில் இருந்திருப்பான் என்று விட்டுவிடலாம். பத்துக் கல்லும் ஒரே அளவுக்குக் குறைந்தால்? வேறு யாராவது என்றால் இங்கே ஒரு நிமிஷம் நின்று யோசித்திருப்பார்கள். அவள் நின்றாள், யோசிக்கவில்லை. திட்டம் போட்டுத் திருடியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினாள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசி ரோடு போட்டவன், கிலோமீட்டரையே கத்தரித்துவிட்டான். பையிலிருந்து நோட்டை எடுத்துச் சிவப்பு மையில் எழுதினாள்: “இந்தச் சாலையில் ஒரு கிலோமீட்டர் என்பது தொள்ளாயிரத்துப் பத்து மீட்டர்தான். மிச்சம் யார் வயிற்றுக்குள் போனது என்று தெரியவில்லை.” எழுதியதும் மனசு லேசாக இருந்தது. பெடலை மிதித்தாள்.

அந்த நோட்டுத்தான் அவளுடைய கடைசி நம்பிக்கை.

தெருவில் அவளைப் பட்டதாரி என்றுதான் கூப்பிடுவார்கள். கணக்கில் பட்டம் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. அவள் வீட்டில் அதற்கு முன்னால் யாரும் பத்தாவது தாண்டியதில்லை. முதல் வருஷம் அந்தப் பேரில் மரியாதை இருந்தது. இரண்டாவது வருஷம் அதுவே கிண்டலாகிவிட்டது. “பட்டதாரி, குழாய்ல தண்ணி வருதா பாரு.” வேலைக்குப் போன இடத்திலெல்லாம் அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று திருப்பிக் கேட்டாள். அதோடு அந்த வேலைகள் முடிந்தன. கடைசியில் சித்தப்பா, தன்னுடைய ஜெராக்ஸ் கடையில் கல்லாவில் உட்காரட்டும் என்றார். அவள் மாட்டேன் என்றதற்கு, பெரிய படிப்பு என்று ஒரு மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை.

அப்போதுதான் சாலை வரைபடம் போடும் ஒரு பதிப்பகம், ‘வழி எழுத்தர்’ தேவை என்று விளம்பரம் கொடுத்தது. சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு வழிக் கையேடு தயாரிக்கும் வேலை. தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்த லாட்ஜில் கதவு ஒழுங்காகப் பூட்டும், ஏற்றம் எத்தனை தூரம், பஞ்சர் கடை எந்த இடத்தில் என்று எழுத வேண்டும். மேலாளர் கண்ணாடியைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு தேடுகிற ஒரு நடுவயதுப் பெண்மணி. அவர் அனுபவத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. பக்க எண் அச்சடித்த ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார். நானூற்று எண்பது கிலோமீட்டர், ஆறு நாள். திங்கட்கிழமை காலை இந்த ஊரில் புறப்பட்டு, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வழி முடிகிற ஊரில் உள்ள கிளை அலுவலகத்தில் என் கையில் நோட்டைக் கொடுக்க வேண்டும். பேனாவில்தான் எழுத வேண்டும், பக்கம் கிழிக்கக் கூடாது. ஐந்து மணிக்குப் பிறகு வந்தால் சும்மா ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்.

வீட்டில் அப்பா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். இந்த ஆறு நாள் உன் இஷ்டம், வேலை கிடைக்கவில்லை என்றால் சித்தப்பா கடை. அப்பா துணி தேய்க்கிறவர். தேய்த்த துணியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற அந்தப் பெரிய சைக்கிள்தான் அவருக்குக் கையும் காலும். அதை ஆறு நாளைக்குக் கொடுத்துவிட்டு நடந்து போகிறேன் என்றவரிடம் அதற்கு மேல் என்ன வாதாடுவது?

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் பதிப்பகத்திலிருந்து மீட்டர் வந்தது. சக்கரம் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்ற எண்ணை அதில் பதிய வேண்டும். கூடவே வந்த காகிதத்தில், அதை எப்படி அளப்பது என்று ஏதோ எட்டுப் படி எழுதியிருந்தது. கணக்குப் படித்தவளுக்கு எட்டுப் படி எதற்கு? கொல்லையில் சைக்கிள் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. புது டயர் வாங்க, அளவு காட்டுவதற்கென்று அப்பா பழைய டயரைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார். அவள் ஸ்கேலை வைத்து ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை அளந்தாள். அறுபத்தைந்து சென்டிமீட்டர். வட்டக் கணக்கின் பை மதிப்பால் பெருக்கினாள். இரண்டு மீட்டர் நாலு சென்டிமீட்டர். பதிந்தாள். காகிதத்தை மடித்துக் குப்பையில் போட்டாள்.

முதல் நாள் சாயங்காலம் ஒரு லாட்ஜில், கூட ஆண் துணை இல்லாமல் ரூம் கிடையாது என்றார் வரவேற்பில் இருந்தவர். அவள் சண்டை போடவில்லை. நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, லாட்ஜின் பேரை எப்படி எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டாள். எதற்கு என்றார். புத்தகத்தில் போடுவதற்கு என்றாள். அவர் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவளும் நியாயமாகவே எழுதினாள்: “உள்தாழ்ப்பாள் உறுதி. வெந்நீர் உண்டு. பக்கெட்டில் ஓட்டை. வரவேற்பாளர் பேனாவைப் பார்த்தால் மரியாதையாகப் பேசுவார்.”

செவ்வாய்க்கிழமை காலை தொண்ணூற்றேழாவது கல்லுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. கல் விஷயம் தொண்டை வரைக்கும் வந்து நின்றுகொண்டிருந்தது. டீக்கடைக்காரர் எங்கேம்மா தனியா என்று கேட்டதுதான் தாமதம், அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மீட்டரைக் காட்டினாள், நோட்டைக் காட்டினாள், சிவப்பு மையில் இருந்ததை வாசித்தும் காட்டினாள். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் லாரி டிரைவர். டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“நீ என்னம்மா படிச்சிருக்க?”

“கணக்கு. டிகிரி.”

“அப்படிப் போடு. நானும் இருபது வருஷமா ஓட்டுறேன், இந்த ரோட்டுல டீசல் கணக்கு எனக்கு உதைக்குது. முதலாளி என்னைத் திருடன்னு சொல்றான். திருடன் எங்க இருக்கான் பாரு.”

கல் சுருங்கினால் டீசல் மிச்சம்தானே ஆக வேண்டும் என்று அந்தக் கடையில் யாரும் கேட்கவில்லை. கணக்குப் படித்தவளும் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் அவளுக்கு இன்னொரு டீ போட்டார். மற்றவர்கள் பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். இரண்டு வருஷமாக அவள் வாயிலிருந்து வந்த எந்த வார்த்தையையும் யாரும் இப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை. அது சர்க்கரையைவிட இனிப்பாக இருந்தது. லாரி டிரைவர் போகிற வழியெல்லாம் சொல்கிறேன் என்று ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பினார். சொன்னபடி செய்கிற மனுஷர் அவர்.

புதன்கிழமை சீட்டில் உட்கார முடியவில்லை. மூன்று நாள் உராய்ந்த இடம் கொப்புளமாகிவிட்டது. வழியில் இருந்த சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ், குப்புறப் படுக்கச் சொல்லி மருந்து தடவினார். இதற்கு மருந்து சைக்கிளை விற்பதுதான் என்றார். பிறகு, கல் அளக்கிற பெண் நீதானா என்று கேட்டார். அவள் படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் அவள் பேச்சு வந்து சேர்ந்திருந்தது. லாரிக்கு நாலு சக்கரத்துக்கு மேல் அல்லவா.

“எங்க ஆஸ்பத்திரி நாலு கிலோமீட்டர்னு ரோட்டுல போர்டு இருக்கு. வலி எடுத்து வர்றவளுக்கு அது நாப்பது,” என்றார் நர்ஸ். “அதையும் உன் நோட்டுல எழுதிக்க. சிவப்புலயே எழுது.”

எழுதிக்கொண்டாள். போர்வையை மடித்துச் சீட்டில் கட்டிக்கொண்டு, பாதி நேரம் நின்றபடியே மிதித்தாள். வழியில் இரண்டு இடத்தில் அவளுக்குக் கை காட்டினார்கள். ஒரு பஞ்சர் கடையில் காற்றடித்ததற்குக் காசு வாங்கவில்லை. இந்த நோட்டு அச்சானால் அமைச்சர்கூடப் படிப்பார் என்று தோன்றியது. சித்தப்பா முகத்தில் அதைக் கொண்டுபோய் வீசலாம்.

வியாழக்கிழமை பத்து மணி இருக்கும். இருநூற்று அறுபதாவது கல்லுக்குப் பக்கத்தில் ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது. ஜல்லிக் குவியல், தார் டிரம், ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. ஆறேழு பெண்கள் கூடை சுமந்துகொண்டிருந்தார்கள். ரோடு ரோலரை ஓட்டிக்கொண்டிருந்தவளும் பெண்தான். முப்பது வயது இருக்கலாம். முகத்தில் கண் மட்டும் தெரியும்படி துணி சுற்றியிருந்தாள். சைக்கிளைப் பார்த்ததும் ரோலரை நிறுத்தினாள். இறங்கி வந்து, ஹேண்டில்பாரின் நடுவில் கையை வைத்தாள்.

“கல்லெல்லாம் திருட்டுக் கல்லுன்னு சொல்லிட்டு வர்றது நீதானா?”

கேட்ட விதத்தில் இங்கே டீ கிடைக்காது என்று பட்டதாரிக்குப் புரிந்துவிட்டது.

“ஆமாக்கா. உங்களச் சொல்லல. மேல இருக்கிறவங்க பண்ணின வேலை அது.”

“மேல இருக்கிறவங்க வந்து டேப் பிடிக்கல. இருநூறுலேர்ந்து முந்நூறு வரைக்கும் இந்தக் கையி பிடிச்சுது. அந்த முனைய அதோ அவ பிடிச்சா.” கூடை சுமந்தவர்களில் ஒருத்தியைக் காட்டினாள். “வெயில்ல நாப்பது நாள். இப்ப எஞ்சினியர் போன் பண்றாரு. ரோடு பூரா பேசிக்கறாங்களாம், நாளைக்குப் பத்து மணிக்கு வந்து பாக்கப் போறாராம். கல்லு தப்புன்னா அடுத்த வருஷ வேலைக்கு வேற ஆள் பாத்துக்குவாராம்.”

பட்டதாரி மீட்டரைப் பற்றிச் சொன்னாள். சக்கரக் கணக்கைச் சொன்னாள். பை எத்தனை தசமம் வரைக்கும் போட்டாள் என்பதைக்கூடச் சொன்னாள். ரோலர்க்காரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, கொட்டகைக்குள் போய் முப்பது மீட்டர் இரும்பு டேப்பைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள்.

“பேசாத. அள.”

டேப் பழசு, இழுபட்டிருக்கும் என்றாள் பட்டதாரி. பையிலிருந்த தன் ஸ்கேலை வைத்து ஒத்துப் பார்த்தாள். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. அதற்குமேல் சாக்கு இல்லாமல் குனிந்தாள். இருநூற்று அறுபதாவது கல்லிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒரு முனையில் ரோலர்க்காரி, மறு முனையில் இவள். டேப் முடிகிற இடத்தில் சாக்பீஸ் கோடு, அங்கிருந்து அடுத்த முப்பது. பத்துத் தடவை ஆனபோது பட்டதாரிக்கு இடுப்பு விட்டுப்போனது. இருபதாவது தடவையில் அவள் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. தன் கணக்கு சரி என்றால் முப்பதாவது தடவைக்கு அப்புறம் பத்து மீட்டர் தள்ளிக் கல் இருக்க வேண்டும். முப்பது ஆனது. பத்து மீட்டர் தள்ளி ஒரு காய்ந்த ஓணான் இருந்தது. கல் தூரத்தில் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது.

முப்பத்து மூன்று தடவை டேப் பிடித்தார்கள். அதற்குமேல் பத்து மீட்டர். கல்லின் அடியில் போய் டேப் தொட்டது. கூட ஒரு சாண் இருந்தது, அவ்வளவுதான்.

 அன்றைக்கு டேப்பின் மறு முனையைப் பிடித்தவள் என்று ரோலர்க்காரி காட்டிய பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள், தரையில் ஒரு கோடு போட்டாள். சக்கரத்தை ஒரு முழுச் சுற்று உருட்டிவிட்டு மறுபடி தரையில் ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் டேப்பை வைத்தாள்.

இரண்டு மீட்டர் இருபத்து நாலு.

மீட்டரில் பதிந்திருந்தது இரண்டு மீட்டர் நாலு. பட்டதாரி டயரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கொழுகொழுவென்று கறுப்பாக, புது வாசனை போகாத டயர். கொல்லையில் தலைகீழாக நின்ற சைக்கிள் ஞாபகம் வந்தது. வெறும் கம்பியும் வளையமுமாக நின்ற அந்தச் சக்கரமும்தான்.

“டயர் போடாத சக்கரத்தை அளந்திருக்கேன்,” என்றாள்.

 கூடைக்காரப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்தினாள், பொத்தியும் அடங்கவில்லை. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சைக்கிளுக்கு டயர் உண்டு என்று காலேஜில் சொல்லித் தரவில்லையா என்று ஒருத்தி கேட்டாள். விடுடி, அது அடுத்த டிகிரியில் வரும் என்றாள் இன்னொருத்தி. ரோலர்க்காரி மட்டும் சிரிக்கவில்லை.

“நாங்க நூறு தடவை சொன்னாலும் ஒருத்தனும் எழுதிக்க மாட்டான். நீ ஒரு டீக்கடையில சொன்னே, ரோடு பூரா எழுதிக்கிச்சு,” என்றாள். “அவ்ளோ பெரிய வாய வச்சுக்கிட்டு நீ அளந்து பேசியிருக்கணும்.”

  தன்னை யாரும் மதிப்பதில்லை என்று ஒரு வருஷமாகப் பொருமிக்கொண்டிருந்தவள் பட்டதாரி. இந்த ரோட்டில் மதித்தார்கள். அந்த மதிப்பை எடுத்துக்கொண்டுபோய், தன் அம்மாவைப் போலக் கூலி வேலை செய்கிற ஏழு பேர் தலையில் போட்டிருக்கிறாள்.

கல்மேல் உட்கார்ந்து கணக்குப் பார்த்தாள். இன்னும் இருநூற்று இருபது கிலோமீட்டர். இப்போதே கிளம்பினால் இன்றைக்கு, நாளைக்கு, சனிக்கிழமை என்று மூச்சு வாங்காமல் போய்ச் சேரலாம். நாளைக்கு எஞ்சினியர் வந்து போகிற வரைக்கும் இருந்தால் ஒன்றரை நாளில் அவ்வளவையும் மிதிக்க வேண்டும். கியர் இல்லாத, துணி மூட்டை சுமக்கிற சைக்கிளில், உட்கார முடியாத உடம்போடு. ஐந்து மணி தாண்டினால் சித்தப்பா கடை. அளந்தாகிவிட்டது, இவர்களே எஞ்சினியரிடம் சொல்லிக்கொள்ளட்டும் என்று ஒரு மனசு சொன்னது. இவர்கள் சொன்னால் எழுதிக்கொள்வாரா என்று அதே மனசு கேட்டது.

“இன்னிக்கு எனக்குப் படுக்க இடம் இருக்குமாக்கா?” என்றாள்.

ரோலர்க்காரி முகத்துணியை இறக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “குறட்டை விடுவியா?”

“தெரியாது.”

“அப்ப ஓரமாப் படு.”

அந்த மத்தியானம் பட்டதாரி நோட்டை எடுத்து, அறுபத்தோராம் பக்கத்தில் நீல மையில் எழுதினாள். முதல் பக்கத்திலிருந்து இதுவரை எழுதிய எல்லாத் தூரமும் தப்பு. டயர் இல்லாத சக்கரத்தை அளந்தேன். கற்கள் சரியாக இருக்கின்றன. சரியான தூரம் வேண்டுமென்றால் ஒன்று புள்ளி பூஜ்யம் ஒன்பது எட்டால் பெருக்கிக்கொள்ளவும். அடியில் கையெழுத்துப் போட்டு, ரோலர்க்காரியிடமும் வாங்கினாள். மீட்டரில் எண்ணை மாற்றினாள். மிச்ச நேரம் சும்மா உட்காரப் பிடிக்காமல் ஜல்லிக் கூடை தூக்கினாள். மூன்றாவது கூடையில், நீ உன் நோட்டையே தூக்கு தாயே என்று அவர்களே பிடுங்கிக்கொண்டார்கள்.

பத்து மணிக்கு வர வேண்டிய எஞ்சினியர் வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு வந்தார். அந்த ஒன்றரை மணி நேரமும் பட்டதாரி நின்ற இடத்தில் நிற்கவில்லை. அவர் ஜீப்பை விட்டு இறங்குவதற்குள் தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டாள். சக்கரத்தை உருட்டிக் காட்டினாள், நோட்டைக் காட்டினாள். இருநூற்று அறுபதாவது கல்லிலிருந்து அவருடைய டேப்பிலேயே இன்னொரு தடவை அளந்தார்கள். எஞ்சினியர் முகம் தொங்கிப்போனது. படித்த பெண் சொல்கிறது என்றதால்தான் தான் இவ்வளவு தூரம் வந்ததாகச் சொன்னார். பிறகு ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதி, கையெழுத்துப் போடும்படி அவளிடம் நீட்டினார்.

அவள் போட்டுவிட்டுக் காகிதத்தை ரோலர்க்காரி பக்கம் நகர்த்தினாள். அவங்க கையெழுத்து எதுக்கு, உங்களோடது போதும் என்றார் எஞ்சினியர்.

“சரியா அளந்தவங்க அவங்க சார். தப்பா அளந்தவ நான். தப்பா அளந்தவ கையெழுத்து மட்டும் எப்படிப் போதும்?”

எஞ்சினியர் ரோலர்க்காரியைப் பார்த்தார். அந்த வேலையிடத்தில் அவளை முதல் தடவையாகப் பார்ப்பவர்போல இருந்தது. பேனாவை அவள் பக்கம் நீட்டினார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒரு கூடை ஜல்லி கொட்டுகிற நிதானத்தில் தன் பேரை முழுசாக எழுதினாள்.

அப்போது மணி பன்னிரண்டேகால். விடைபெறுகிற நேரத்தில் அந்தப் பெண்கள் பாட்டிலில் தண்ணீர் ரொப்பிக் கொடுத்தார்கள். தார் டிரம்முக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு சாக்கை மடித்து, சீட்டின்மேல் இன்னொரு அடுக்காகக் கட்டிவிட்டார்கள்.  ரோலர்க்காரி ரோலரில் ஏறி, கை காட்டுவது மாதிரியும் போய்த் தொலை என்பது மாதிரியும் ஒரு சைகை செய்தாள்.

அப்புறம் நடந்ததில் சாகசம் ஒன்றும் இல்லை, மிதித்ததுதான். எதிர்க்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் எண்பத்தைந்து. சனிக்கிழமை விடியும்போது கிளம்பினாள். நூற்று முப்பத்தைந்து பாக்கி. ஒரு ஏற்றத்தில் செயின் கழன்று விழுந்தது. தார்க்கறையோடு கிரீஸ் கறையும் சேர்ந்துகொண்டது. ஆனால் நோட்டை விடவில்லை. தண்ணீர்க் குழாய், உடைந்த பாலம், நாய் துரத்தும் வளைவு, கதவு இல்லாத கழிப்பறை, கதவு உள்ள கழிப்பறை, எல்லாம் எழுதினாள். தூரம் எழுதும்போது மட்டும் கல்லையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டாள். இரண்டும் ஒத்துப்போயின. பார்த்த இடமெல்லாம் ஒத்துப்போக, காலுக்கு எங்கிருந்தோ கொஞ்சம் தெம்பு வந்தது. கடைசிப் பத்துக் கல்லில் மட்டும் அப்படிப் பார்க்க நேரமில்லை.

கிளை அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. நாலு ஐம்பதுக்குப் படியேறினாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறினாள். மேலாளர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“தலை மேல இருக்கு மேடம்,” என்று சொல்லிவிட்டு நோட்டை மேஜையில் வைத்தாள். நாற்காலி காட்டினார். அவள் நின்றுகொள்கிறேன் என்றாள். 

மேலாளர் முதல் பக்கத்திலிருந்து படித்தார். லாட்ஜ் வரவேற்பாளரைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்தார். சிவப்பு மையை ஒவ்வொன்றாகச் சத்தமாகவே வாசித்தார். “‘மிச்சம் யார் வயிற்றுக்குள் போனது.’ ‘கற்கள் அல்ல, களவாணிகள்.’ ‘இந்தத் துறையைக் கலைத்துவிடலாம்.’” தன் வாக்கியங்கள் இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது எவ்வளவு அசிங்கமாக இருக்கின்றன என்று பட்டதாரிக்கு அப்போதுதான் தெரிந்தது. அறுபத்தோராம் பக்கத்தில் மேலாளர் நிறுத்தினார். இரண்டு தடவை படித்தார்.

“இந்தச் சிவப்புப் பக்கங்களைக் கிழிச்சுப் போட்டிருக்கலாமே.”

“கிழிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. கிழிக்கலாம்னு சொல்லியிருந்தா கிழிச்சிருப்பேன்.”

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். இதற்கு முன்னால் இருந்தவருடைய நோட்டில் ஒரு அடித்தல்கூட இருக்காது என்றார். முத்து முத்தான கையெழுத்து. பஸ்ஸில் போய் எழுதினார் என்று பின்னால்தான் தெரிந்தது. அவர் எழுதிய ஒரு பாலத்தை நம்பிப் போனவர்கள் ஆற்றங்கரையில் சைக்கிளோடு நின்றார்கள். அந்தப் பாலம் இரண்டு வருஷம் முன்னாலேயே இடிந்துபோயிருந்தது.

“சரி, இப்ப இந்தத் தூரத்தையெல்லாம் என்ன பண்றது?”

“பெருக்கிடலாம் மேடம். நான் இப்பவே உக்கா… நின்னுக்கிட்டே போட்டுத் தர்றேன்.”

“பெருக்கினதை நாங்க அச்சடிக்கிறதில்ல. ஓட்டினதைத்தான் அச்சடிப்போம்.”

முடிந்தது என்று நினைத்தாள். ஜெராக்ஸ் மிஷினின் பச்சை வெளிச்சம் கண்ணுக்குள் ஒரு தடவை ஓடி மறைந்தது. மேலாளர் மேஜை டிராயரை இழுத்து ஒரு படிவத்தை எடுத்தார். பயணப் படிக்கான படிவம். திங்கட்கிழமை கிளம்பி, இதே வழியில் திரும்பிப் போக வேண்டும் என்றார். ஆறு நாள் அவசரம் வேண்டாம், எட்டு நாள் எடுத்துக்கொள்ளலாம். தங்கின இடத்தில், சாப்பிட்ட இடத்தில் பில் வாங்க வேண்டும், பில் இல்லாமல் வந்தால் கணக்குப் பிரிவில் இருக்கிறவர் நம் இருவரையும் கடித்துத் தின்றுவிடுவார். பேசிக்கொண்டே எழுதினார். பட்டதாரிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. பதவி என்று அச்சிட்ட இடத்துக்கு நேரே அவர் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிப் போட்டுப் படித்தாள். வழி எழுத்தர்.

நேரே தெரிகிற மாதிரி இன்னொரு தடவை படிக்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. கையெழுத்துப் போடும்போது காகிதத்தில் கட்டை விரல் கிரீஸ் பட்டது. பரவாயில்லை, அதுவும் அடையாளம்தான் என்றார் மேலாளர்.

கீழே வந்து மருந்துக் கடையில் போன் கேட்டு வீட்டுக்குப் பேசினாள். அப்பா எடுத்தார். வேலை கிடைத்துவிட்டது என்றாள். அம்மா பக்கத்திலிருந்து என்னவோ கத்துவது கேட்டது. சித்தப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். எப்படிச் சொல்வது என்று ஆறு நாளாகத் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு எதையோ கேட்டார்.

“டயர் எப்படி இருக்கு?”

“டயராலதான்ப்பா எல்லாம்.”

அப்பா பயந்துவிட்டார். வெடித்துவிட்டதா என்றார். இல்லை, நன்றாக இருக்கிறது, ஊருக்கு வந்து சொல்கிறேன், இன்னும் எட்டு நாள் நடக்க முடியுமா என்று கேட்டாள். நடந்து பழகிவிட்டது, இப்போது எல்லா வீட்டிலும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள் என்றார் அப்பா.

திங்கட்கிழமை காலை. கேரியரில் புது நோட்டு, சீட்டில் அதே சாக்கு. இங்கிருந்து எண்ணினால் முதல் கல்லில் மீட்டர் ஒன்று என்றது. இரண்டாவதில் இரண்டு. போகிற வழியில் ரோலர்க்காரி இருப்பாள். அதைத் தாண்டி நர்ஸ், அதையும் தாண்டி தொண்ணூற்றேழாவது கல் டீக்கடை. அங்கே இறங்கி, அதே பெஞ்சில் உட்கார்ந்து, அதே ஆட்கள் முன்னால் சொல்ல வேண்டும். லாரி டிரைவரும் இருந்தால் நல்லது. சொன்னபடி செய்கிற மனுஷர்.

ஏழாவது கல்லில் மீட்டர் உதைத்தது. இருபது மீட்டர் குறைந்தது.

அவள் இறங்கினாள். கை தானாகப் பைக்குள் போய்ச் சிவப்புப் பேனாவைத் தொட்டது. தொட்டபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதை விட்டுவிட்டு, டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். காற்று சரியாகத்தான் இருந்தது. சாக்பீஸை எடுத்து டயரில் ஒரு கோடு போட்டாள், தரையில் ஒரு கோடு போட்டாள், ஒரு சுற்று உருட்டி ஸ்கேலால் அளந்தாள். இரண்டு மீட்டர் இருபத்து நாலு. அதுவும் சரி. கல்லைப் பார்த்து, நீ தப்பாகத்தான் இருப்பாய், இருந்தாலும்… என்றாள்.

சைக்கிளைத் திருப்பி, ஆறாவது கல்லிலிருந்து மறுபடி அளக்க, வந்த வழியே போனாள்.